அச்சு பழசாக இருக்கலாம், தீர்மானம் புதுசாக இருக்கணும்!

(சென்னை மேற்கு மாம்பலத்துக்குக் கண்டுணர் சுற்றுலா சென்ற நம் கூட்டமைப்பு உறுப்பினர்களிடம், அந்தப் பகுதியில் கணினிப் பயிற்சி அளித்துவரும் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



காலையிலிருந்து நடந்து நடந்து கால் வலித்திருக்கும். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி கிழக்குப் பக்கம் போனால் ரங்கநாதன் தெரு, துணிக்கடை, கூட்டம். மேற்குப் பக்கம் வந்தால் ஆரிய கவுடா சாலை, அயோத்தியா மண்டபம், அப்பளக் கடை, ஊறுகாய்க் கடை, கல்யாணச் சமையல்காரர்கள். இந்தப் பக்கத்தைத்தான் இன்றைக்கு நீங்கள் பார்த்தீர்கள். பாக்கிங் பார்த்தீர்கள், ருசியும் பார்த்தீர்கள். நான் பேசப்போவது ருசி இல்லாத விஷயம். படிவம்! தூக்கம் வந்தால் பக்கத்து அக்காவைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. இந்தப் படிவத்தில்தான் உங்கள் பணமும் உங்கள் பேரும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முறுக்கு அச்சும் மாவும்

கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மளிகை லிஸ்ட்டைப் புதிதாகவா யோசிக்கிறார்? இல்லை. நூறு பேருக்கு என்று ஒரு லிஸ்ட் எழுதி வைத்திருப்பார். முந்நூறு பேர் என்றால் அரிசி, பருப்பு, எண்ணெய் கணக்கைப் பெருக்கிக்கொள்வார். ஆனால் உப்பையும் காரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று மடங்கு போட மாட்டார். ருசி பார்த்துத்தான் போடுவார். காய்கறியும் அன்றைக்குச் சந்தையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துத்தான். லிஸ்ட் பழசு, சமையல் புதுசு.

நம் வீட்டு முறுக்கு அச்சும் அப்படித்தான். அச்சு மாறாது, மாவு மாறும். பாட்டி வைத்திருந்த அச்சில் இன்றைக்குப் பிசைந்த மாவைப் போட்டுப் பிழிகிறோம். போன தீபாவளிக்குப் பிழிந்த முறுக்கை யாராவது எடுத்து இந்த தீபாவளிக்கு வைப்பார்களா?

இதைத்தான் கம்ப்யூட்டர் ஆபீஸ்களில் டெம்ப்ளேட் என்று சொல்கிறார்கள். தமிழில் வார்ப்புரு என்று எழுதுகிறார்கள். நாம் அச்சு என்றே சொல்லிக்கொள்வோம். பத்துப் பேர் சேர்ந்து வேலை பார்க்கும் இடத்தில், அடிக்கடி எழுதவேண்டிய கடிதம், அறிக்கை, பட்டியல் எல்லாவற்றுக்கும் ஒரு அச்சு செய்து பொது இடத்தில் வைத்துவிடுவார்கள். தேவைப்படுகிறவர் நகல் எடுத்து நிரப்பிக்கொள்வார். பெரிய கம்பெனிக்கு மட்டும் உள்ள வசதி என்று நினைக்காதீர்கள். நம் குழுவும் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் சேர்ந்து வேலை பார்க்கும் இடம்தானே!

நம் படிவங்கள் எங்கிருந்து வந்தன?

நம் மாநிலத்தில் இந்தக் குழு வேலை 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்பது என்று ஒரு முன்னோடித் திட்டம் கொண்டுவந்தது. அன்றைக்கு வங்கி மேலாளருக்குக் குழு என்றால் என்னவென்றே தெரியாது. சொத்து ஜாமீன் இல்லை, பதிவுச் சான்றிதழ் இல்லை. எதை நம்பிக் கடன் கொடுப்பார்?

உங்கள் நோட்டை நம்பித்தான் கொடுத்தார். தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், பேரேடு. எல்லாக் குழுவும் ஒரே மாதிரி எழுதினால்தான் படிக்கிறவருக்குப் புரியும். அதனால்தான் பஞ்ச சூத்திரம் என்று நமக்குச் சொல்லித்தந்த ஐந்தில், தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமை ஆகியவற்றோடு கணக்கெழுதுவதையும் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

வங்கிக் கடனுக்கும் மூன்று மாதிரிப் படிவங்கள் வந்தன. ஒன்று, கடன் விண்ணப்பம். இரண்டாவது, குழுவுக்கும் வங்கிக்கும் இடையிலான ஒப்பந்தம். மூன்றாவது, உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே செய்துகொள்ளும் ஒப்பந்தம். இந்த மூன்றாவதில் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோம். அதில் என்ன அச்சடித்திருக்கிறது, யாருக்காவது தெரியுமா?

குழு வாங்கும் கடனுக்கு எல்லாரும் சேர்ந்தும், தனித்தனியாகவும் பொறுப்பு என்று இருக்கிறது. நம் சார்பாக வங்கிக்குப் போய்வர இன்னின்னாருக்கு அதிகாரம் கொடுக்கிறோம் என்றும் இருக்கிறது. ஏற்கெனவே அச்சடித்த வரிதானே என்று நாம் தாண்டிப் போகிறோம். ஆனால் நம்மைக் கட்டுவது நாம் பேனாவால் எழுதியது மட்டும் இல்லை. அச்சடித்த வரியும் கட்டும்!

எங்கே சறுக்குகிறோம்?

இப்போது நிறைய குழுக்களில் தீர்மானத்தை போனிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ டைப் செய்கிறார்கள். நல்லதுதான். எப்படிச் செய்கிறார்கள்? போன தடவை அடித்த ஃபைலைத் திறப்பார்கள். தேதியை மாற்றுவார்கள். தொகையை மாற்றுவார்கள். பிரிண்ட் எடுப்பார்கள்.

அதில் போன வருஷப் பிரதிநிதியின் பேர் அப்படியே நிற்கும். எண்ணில் தொகை புதுசு, எழுத்தில் தொகை பழசு. கறவை மாட்டுக் கடன் கேட்கப் போனவர்களின் காகிதத்தில் தையல் மெஷின் என்று இருக்கும். வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, கடன் பத்து நாள் தள்ளிப்போச்சு. விதைப்புக்குக் கேட்ட கடன் களையெடுக்கும்போது வந்தால் யாருக்குப் பிரயோஜனம்?

இது சின்ன சறுக்கல். பெரிய சறுக்கல் வேறு இருக்கிறது.

"கூட்டத்தில் விரிவாக விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இந்த வரி எல்லார் ஃபைலிலும் இருக்கிறது. கூட்டம் நடப்பதற்கு முன்னாலேயே இருக்கிறது! கூட்டம் நடக்காவிட்டாலும் இருக்கும். ஊக்குநர் வீடு வீடாக நோட்டை எடுத்துக்கொண்டு வருவார். அடுப்பில் குழம்பு கொதிக்கும். "இங்க ஒரு கையெழுத்துப் போடுக்கா" என்பார். நாமும் போட்டுவிடுவோம்.

என்ன விவாதித்தோம்? யார் கேட்டார்கள்? யார் வேண்டாம் என்றார்கள்? எதுவும் கிடையாது. நாளைக்குத் தவணை நின்றால் மட்டும் எல்லார் பேரும் அதில் இருக்கும். எல்லா ஊக்குநரும் தப்பு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் நேரம் இல்லாமல்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் நேரத்தை மிச்சப்படுத்த வந்த அச்சு, நம் பேச்சையே மிச்சப்படுத்திவிடக்கூடாது.

ஆகவே இன்றைக்கு நான் சொல்லவந்தது இது ஒன்றுதான். மாறாததை அச்சில் வையுங்கள். மாறுவதைக் கூட்டத்தில் பேசி நிரப்புங்கள்.

நல்ல அச்சு செய்வது எப்படி?

முதலில் பழைய தீர்மானம் நான்கைந்தை எடுத்து வரிசையாக வையுங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும் வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். குழுவின் பேர், ஊர், ஒன்றியம், மாவட்டம். அது அச்சு. கோடு விழாமல் மிச்சம் இருப்பது மாவு.

மாவு வரும் இடத்தில் பழைய விவரத்தை விட்டுவைக்காதீர்கள். வெறும் கோடாக விடுங்கள். 'ரூபாய் 50,000' என்று மாதிரிக்கு எழுதிவைத்தால், மாற்ற மறந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கோடாக இருந்தால், நிரப்பாவிட்டால் பளிச்சென்று தெரியும். போன மாத ஃபைலைத் திருத்தாமல் வெறும் அச்சிலிருந்து தொடங்கச் சொல்வதும் இதனால்தான்.

ஒரு கடன் தீர்மானத்துக்கு இப்படி இருக்கலாம்:

கூட்டம் நடந்த தேதி ____ நேரம் ____ இடம் ____
மொத்த உறுப்பினர் ____ வந்தவர்கள் ____ வராதவர்கள் பேர் ____
கடன் கேட்டவர் ____ எதற்காக ____
கேட்ட தொகை எண்ணில் ____ எழுத்தில் ____
உறுப்பினர்கள் சொன்ன கருத்து ____
மாற்றுக் கருத்து இருந்தால், சொன்னவர் பேர் ____
முடிவு ____ வட்டி ____ தவணை ____
வாசித்துக் காட்டியவர் ____
கையெழுத்து அல்லது கைநாட்டு ____

'ஏகமனதாக' என்ற வார்த்தையை நான் அச்சில் வைக்கவில்லை, பார்த்தீர்களா? எல்லாரும் ஒத்துக்கொண்டால் அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம். 'வாசித்துக் காட்டியவர்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரியும் காதால் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைக்கட்டும்.

விற்பனை செய்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். இன்றைக்கு ஊறுகாய் பாட்டிலில் லேபிள் பார்த்தீர்களே. பொருளின் பேர், சேர்மானம், தயாரிப்பவர் முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், இதெல்லாம் அச்சு. தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், தொகுப்பு எண், இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் புதுசு. சேர்மானத்தை மாற்றினால் மட்டும் அச்சையே திருத்த வேண்டும். நல்லெண்ணெய் என்று லேபிளில் இருந்து, உள்ளே கடலை எண்ணெய் ஊற்றினால் அது ஏமாற்று வேலை.

போனில் வைத்துக்கொள்வது எப்படி?

கூகுள் டாக்ஸ் என்று ஒன்று, செலவில்லாமல் கிடைக்கும். நம்ம ஊரிலிருந்து வளர்ந்த ஜோஹோ நிறுவனமும் ரைட்டர் என்று ஒன்றை 2005-லேயே கொண்டுவந்தது. அந்த நிறுவனம் 1996-ல் தொடங்கியது, இன்றைக்குத் தென்காசிப் பக்கத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். முறை ஒன்றுதான். கூகுள் டாக்ஸை வைத்துச் சொல்கிறேன்.

ஒன்று. கூட்டமைப்பின் பேரில் ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். ஒருவருடைய சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள். பொறுப்பாளர் மாறினால், கல்யாணமாகி வெளியூர் போனால், அச்சும் கூடவே போய்விடும்.

இரண்டு. அச்சை அங்கே டைப் செய்து வையுங்கள். பேர் வைக்கும்போது முதல் வார்த்தையாக 'அச்சு' என்று போடுங்கள். 'அச்சு, கடன் தீர்மானம்' என்று. பார்த்தவுடனே இது வெறும் அச்சு என்று தெரியணும்.

மூன்று. குழுக்களுக்கு லிங்க் அனுப்பும்போது 'வியூவர்', அதாவது பார்க்க மட்டும் உரிமை கொடுங்கள். 'எடிட்டர்' உரிமை கூட்டமைப்பில் இரண்டு பேருக்கு மட்டும் போதும். எல்லாருக்கும் திருத்தும் உரிமை கொடுத்தால், ஒரு குழு தெரியாமல் தன் விவரத்தை அச்சிலேயே நிரப்பிவிடும். அடுத்த குழு திறந்து பார்த்துவிட்டு முழிக்கும். அப்படி யாராவது மாற்றிவிட்டாலும் பயப்படாதீர்கள். கம்ப்யூட்டரில் திறந்து 'வெர்ஷன் ஹிஸ்டரி' பார்த்தால் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

நான்கு. பார்க்க மட்டும் உரிமை உள்ளவரும், வழக்கமாக நகல் எடுத்துக்கொள்ளலாம். மூன்று புள்ளியைத் தொட்டால் 'மேக் எ காப்பி' என்று வரும். அதைத் தொட்டு, குழுவின் பேரும் தேதியும் போட்டுச் சேமியுங்கள். அந்த நகல் உங்களுடையது. அதில் எழுதினால் அச்சுக்கு ஒன்றும் ஆகாது.

ஐந்து. வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டால் பொங்கல் வாழ்த்துக்கும் குட்மார்னிங்குக்கும் நடுவில் காணாமல் போய்விடும். பின் செய்து வைத்தாலும் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். அதனால் குரூப்பின் விவரம் எழுதும் இடத்தில், டிஸ்கிரிப்ஷன் என்பார்களே, அதில் லிங்க்கைப் போட்டுவையுங்கள். அங்கே நிலையாக இருக்கும்.

ஆறு. அச்சில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் வைக்காதீர்கள். லிங்க் எந்தெந்தக் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. டைப் செய்யச் சொல்லும்போது யூனிகோடு எழுத்தில் அடிக்கச் சொல்லுங்கள். சில சென்டரில் பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் தமிழே இருக்காது, ஏதோ கிறுக்கல்தான் தெரியும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நாம் ஏன் பழசைப் பிடித்துக்கொண்டு இருக்கணும்?

ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறலாமா?

தமிழ் விக்கிப்பீடியா என்று ஒரு கலைக்களஞ்சியம் 2003-லிருந்து இணையத்தில் இருக்கிறது. நம்மைப் போன்ற சாதாரண மக்கள் சேர்ந்து எழுதுவது. அங்கேதான் வார்ப்புரு என்ற சொல்லை அதிகம் பார்க்கலாம். அங்கே ஒரு வார்ப்புருவைத் திருத்தினால், அதைச் சேர்த்திருக்கும் எல்லாப் பக்கத்திலும் தானாகவே மாறிவிடும். நல்ல வசதி.

நமக்கு அந்த வசதி எதற்கு ஆகும், எதற்கு ஆகாது? கூட்டமைப்பின் போன் நம்பர் பட்டியல், பொருள் விலைப் பட்டியல், பயிற்சித் தேதிகள், இவற்றை ஒரே ஃபைலில் வைத்து எல்லாரும் அதையே பார்க்கலாம். ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.

ஆனால் தீர்மானம் அப்படி இருக்கவே கூடாது. தை மாதம் முடிவு செய்தது, ஆடி மாதம் அச்சைத் திருத்தியதால் மாறக்கூடாது. நடந்தது நடந்ததுதான். அதனால்தான் தீர்மானத்துக்கு நகல் எடுக்கச் சொல்கிறேன். நகலில் நிரப்பி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி, ஓரத்தில் பக்க எண் போடுங்கள். அதற்கப்புறம் அதைத் தொடக்கூடாது. தப்பு இருந்தால் அடுத்த கூட்டத்தில் திருத்தத் தீர்மானம் போடுங்கள்.

அச்சும் தேயும்

முறுக்கு அச்சு தேய்ந்தால் முள் வராது. படிவமும் தேயும். எப்படி? விதிமுறை மாறும்போது தேயும்.

ஒரு உதாரணம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் குழுக்களுக்கு, சொத்து ஜாமீன் இல்லாத கடனின் உச்சவரம்பு 10 லட்சம் ரூபாயாக இருந்தது. ரிசர்வ் வங்கி 2021-ல் அதை 20 லட்சமாக உயர்த்தியது. பழைய படிவத்தையே வைத்திருக்கும் கூட்டமைப்பு, உறுப்பினர்களுக்குப் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொரு உதாரணம். குழுவுக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்க எல்லா உறுப்பினரின் அடையாள ஆவணமும் கட்டாயம் இல்லை, பொறுப்பாளர்களுடையது போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் இணைப்பின்போது மற்றவர்களுடையதைக் கேட்கலாம். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பதினைந்து பேரையும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடவைப்பது எதற்கு?

அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, தணிக்கை முடிந்த கையோடு, எல்லா அச்சையும் எடுத்துப் பாருங்கள். அச்சின் அடியில் 'கடைசியாகத் திருத்திய தேதி' என்று எழுதுங்கள். பழைய அச்சை அழிக்க வேண்டாம். 'பழையது' என்று ஒரு ஃபோல்டர் போட்டு ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி நேரம்

"எங்க குழுவில் ரெண்டு பேருக்குத்தான் பெரிய போன் இருக்கு. மத்தவங்க என்ன செய்யறது?"

நல்ல கேள்வி. அச்சை பிரிண்ட் எடுத்து, ஐம்பது ஜெராக்ஸ் போட்டு, ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவால் நிரப்புங்கள். அச்சுக்கு போன் அவசியம் இல்லை. ஆனால் ஜெராக்ஸ் எடுக்கும்போது வெறும் படிவத்திலிருந்து எடுங்கள். வெறும் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்காதீர்கள். பணம் எடுக்கும் சீட்டுக்கும் இதே விதிதான். நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடுவது, வீட்டைத் திறந்துபோட்டுச் சந்தைக்குப் போவது மாதிரி.

"இப்போ எல்லாம் செயலியில் ஏத்தறாங்களே. அப்புறம் எதுக்கு இந்த நோட்டு?"

நபார்டு வங்கி 2015-ல் இ-சக்தி என்ற பேரில், ஜார்க்கண்டில் ராம்கர், மகாராஷ்டிராவில் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் குழுக் கணக்கைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. வாழ்வாதார இயக்கத்துக்கும் லோகோஸ் என்ற செயலி வந்திருக்கிறது. செயலியும் ஒரு அச்சுதான். கட்டங்களை அவர்கள் போட்டுவைத்திருக்கிறார்கள், நாம் நிரப்புகிறோம். ஆனால் எவ்வளவு என்று கேட்கும் கட்டத்தில், ஏன் என்பதை எழுத முடியாது. யாருக்கு முதலில் கடன், ஏன் அவருக்கு முதலில், இதைப் பேசுவது நம் கூட்டம். அதை எழுதிவைப்பது நம் தீர்மானப் புத்தகம். நோட்டில் இருப்பதும் செயலியில் ஏறியதும் ஒன்றா என்று மாதம் ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

"இதையெல்லாம் கேட்டா ஊக்குநர் கோபிச்சுக்குவாங்களே?"

கோபிக்க என்ன இருக்கிறது? வாசித்துக் காட்டுவது ஊக்குநருக்கும் பாதுகாப்பு. நாளைக்கு ஒருவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது இல்லையா? சண்டை போடுகிற மாதிரி கேட்க வேண்டாம். "அக்கா, ஒரு தடவை படிச்சிடுங்க, எல்லாரும் கேட்டுக்கறோம்" என்று சொல்லுங்கள், போதும்.

ஊருக்குப் போனதும் செய்யுங்கள்

முதல் வேலை, உங்கள் குழுவின் கடைசி மூன்று தீர்மானங்களை அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வேலை, பென்சிலால் கோடு போட்டு, எது அச்சு, எது மாவு என்று பிரியுங்கள். மூன்றாவது வேலை, உறுப்பினர்களுக்குள் செய்த ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் கேளுங்கள். புரியாத வரிக்கு விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

கோடு போட்ட இடத்தில் என்ன எழுதணும் என்று வேறு யாரும் முடிவு செய்ய விடாதீர்கள். அது பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசி நிரப்ப வேண்டிய இடம். பேசுங்கள், எழுதுங்கள், வாசித்துக் கேளுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, அப்பளம் வாங்க வேண்டியவர்கள் சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள்.